வீணைக்கு வேர்க்கக் கூடாது

எங்கள் வீட்டில் பீரோ மனைவியுடையது. புத்தக அலமாரி மகளுடையது. பூஜை அலமாரி சாமியுடையது என்று பேர், சாவி மனைவியிடம். ஃபிரிட்ஜில் எனக்கு ஒதுக்கப்பட்டது கதவின் கீழ்த்தட்டு. அதிலும் பாதியை மோர் பாட்டில் ஆக்கிரமித்துவிட்டது. இந்த வீட்டில் என் சொல் செல்லுபடியாகும் ஒரே இடம் காரின் டிக்கி. அங்கே ஸ்டெப்னி எப்படிப் படுக்க வேண்டும், ஜாக்கி எங்கே ஒளிய வேண்டும், பழைய துண்டு எத்தனை வருஷம் இருக்கலாம் என்பதெல்லாம் என் தீர்மானம். யாரும் மறுப்பதில்லை. யாரும் கேட்பதும் இல்லை.

அதனால்தான் தஞ்சாவூரிலிருந்து வீணையை டிக்கியில் வைத்து எடுத்து வருவது என்று பேச்சு வந்ததும், யாரும் நியமிக்காமலேயே நான் பொறுப்பேற்றுக்கொண்டேன்.

வீணை என் மாமியாருடையது. மாடியறையில் உறை போட்டுச் சாத்திவைத்து, வருஷத்துக்கு ஒருமுறை சரஸ்வதி பூஜைக்கு மட்டும் கீழே இறங்கிப் பொட்டு வைத்துக்கொண்டு மறுபடி மேலே போய்விடும். என் மகள் சென்னையில் வீணை வகுப்பில் சேர்ந்ததும் அத்தைக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. உள்ளூர் ஆசாரியிடம் கொடுத்து, தந்தி மாற்றி, மெட்டுகளைப் புதிதாகப் பதித்து மேளம் கட்டச் சொல்லிவிட்டார். நாங்கள் போய் வீணையையும் அத்தையையும் அழைத்துவர வேண்டும். மே மாதம். அக்னி நட்சத்திரம் நடுக்கட்டத்தில் இருந்தது.

பட்டறையில் ஆசாரி வேலை செய்வதைப் பார்த்த பிறகுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. தண்டியின் இரண்டு ஓரமும் கருப்பாக மெழுகு வரப்பு. தேன்மெழுகில் கரித்தூளைச் சேர்த்துப் பிசைந்தது. அதன்மேல்தான் 24 மெட்டுகளும் உட்கார்ந்திருக்கின்றன. ஆணி கிடையாது, திருகு கிடையாது. சூடான கம்பியால் மெழுகைத் தொட்டு இளக்குகிறார், மெட்டை மயிரிழை நகர்த்துகிறார், தந்தியை மீட்டிக் காதைச் சாய்க்கிறார், உதட்டைப் பிதுக்குகிறார், மறுபடி கம்பி. எனக்கு முதலில் வந்த ஒலியும் கடைசியில் வந்த ஒலியும் ஒன்றாகத்தான் கேட்டது. ஆனால் ஆசாரி தலையாட்டினார், நானும் சங்கீதம் தெரிந்தவனாகத் தலையாட்டினேன்.

"சார், ஒண்ணே ஒண்ணு. வெயில்ல நிக்கிற வண்டியில மட்டும் வெச்சிடாதீங்க. மெழுகு இளகிரும். மெட்டு சாஞ்சிருச்சுன்னா திரும்ப இங்கதான் வரணும்."

ரகுநாத நாயக்கர் தஞ்சையை ஆண்ட பதினேழாம் நூற்றாண்டில்தான் மெட்டுகளை இப்படி நிலையாகப் பதிக்கும் முறை வந்தது என்று சொல்வார்கள். நாயக்கர் யானைமேல் ஏற்றியிருப்பார், பல்லக்கில் வைத்திருப்பார். இரண்டிலும் காற்று வரும். கருப்பு நிற செடானின் டிக்கி அவர் கணக்கில் இருந்திருக்க முடியாது.

கருப்பு நிறம் என் தேர்வு. கம்பீரமாக இருக்கும் என்று நினைத்தேன். அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தார் 2011இல் ஒரே மாதிரியான இரண்டு கார்களை, ஒன்று கருப்பு, ஒன்று வெள்ளி நிறம், வெயிலில் நிறுத்திப் பார்த்தார்கள். வெள்ளி நிறக் காரின் உட்காற்று ஐந்தாறு டிகிரி குறைவாக இருந்தது. இதை நான் மனைவியிடம் சொல்லவில்லை. வண்டி வாங்கும்போது "சில்வர் எடுங்க" என்று சொன்னது அவர்தான்.

இரவு முழுக்க மாமியார் வீட்டுத் திண்ணையில் செல்போனும் கையுமாக உட்கார்ந்து படித்தேன். தேன்மெழுகு 62, 64 டிகிரி செல்சியஸில் உருகும். அது தேறுதலான செய்திதான். ஆனால் உருகுவது வேறு, இளகுவது வேறு. கையில் வைத்துப் பிசைந்தால் உடல் சூட்டுக்கே அது வளைந்துகொடுக்கும். அரிசோனாவில் 2018இல் செய்த ஆய்வு ஒன்றில், வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களின் உட்பகுதி சராசரி 47 டிகிரி, டேஷ்போர்டு 69 டிகிரி. அதாவது டேஷ்போர்டில் வீணையை வைத்தால் மெழுகு ரசமாகிவிடும். நிழலில் நின்ற கார்களிலேயே உள்ளே 38. டிக்கிக்குக் கண்ணாடி இல்லாததால் வெயில் நேராக உள்ளே பாயாது என்பது ஒரு சலுகை. ஆனால் மேலே தகடு காய்கிறது, கீழே சைலன்சர் காய்கிறது, ஏசி எட்டிப் பார்ப்பதில்லை.

அமெரிக்காவில் 2005இல் வந்த இன்னொரு ஆய்வு நிறுத்திய கார் எவ்வளவு வேகமாகச் சுடும் என்று கணக்கெடுத்தது. ஒரு மணி நேரத்தில் வெளியே இருப்பதைவிடச் சராசரி 22 டிகிரி கூடுகிறது. அதில் 80 சதவீதம் முதல் அரை மணியிலேயே ஏறிவிடுகிறது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் பெரிய மாற்றமில்லை. குழந்தைகளைக் காருக்குள் விட்டுவிட்டுக் கடைக்குப் போகிறவர்களுக்காகச் செய்த ஆய்வு அது. அந்த ஒரு விஷயத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை, நாலு பேருக்கு அனுப்பினேன். வீணையைப் பொறுத்தவரை நான் கண்டுகொண்டது வேறு. ஓடுகிற வண்டி எதிரி இல்லை. காற்று தகட்டைத் தடவிக்கொண்டே போகும். நிற்கிற வண்டிதான் எதிரி. ஆகவே தஞ்சாவூருக்கும் சென்னைக்கும் நடுவே இருக்கும் 340 கிலோமீட்டர் சொச்சத்தையும் நிற்காமல் கடப்பது என்று நள்ளிரவில் தீர்மானம் நிறைவேற்றினேன். அவையில் நான் மட்டும் இருந்தேன்.

மறுநாள் ஆயத்தங்கள். முதலில் பனிக்கட்டியை யோசித்தேன். ஒரு கிலோ பனிக்கட்டி உருகும்போது 334 கிலோஜூல் சூட்டை விழுங்கும், சாமானிய விஷயமில்லை. ஆனால் பனிக்கட்டி என்றால் தண்ணீர், தண்ணீர் என்றால் மரத்துக்கு ஆகாது. அத்தையின் மருமகள் கிராம சுகாதாரச் செவிலியர்; தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர். அவர் வேறு ஒரு கோணம் காட்டினார்.

"அண்ணா, ஐஸ் பேக்கை ஃப்ரீசர்லேர்ந்து எடுத்த உடனே வைக்கவே கூடாது. வெளியில வெச்சு, குலுக்கினா உள்ள தண்ணி சளக்குன்னு கேக்கணும், அப்பறம்தான் பெட்டிக்குள்ள. இல்லன்னா மருந்து உறைஞ்சு கெட்டுடும். தடுப்பூசிக்கு ரெண்டுலேர்ந்து எட்டு டிகிரி. சூடும் ஆகாது, ரொம்பக் குளிரும் ஆகாது."

வீணைக்கு எத்தனை டிகிரி என்று கேட்டேன். "அதுக்கு எந்த ஊர்ல ஊசி போடறாங்க?" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

மண்பானைத் தத்துவமும் பரிசீலனைக்கு வந்தது. ஈரக் கோணியைச் சுற்றினால் குளிருமே. ஆனால் ஈரம் ஆவியாகக் காற்று வேண்டும். மூடிய டிக்கிக்குள் காற்று நகராது. ஆவி நிறைந்ததும் கோணி காய்வதையே நிறுத்திவிடும். மிஞ்சுவது புழுக்கமும், புழுக்கத்தில் ஊறிய பலாமரமும்.

அப்போதுதான் எனக்குள் இருந்த விஞ்ஞானி எழுந்தான். தேங்காய் எண்ணெய்! அது 24 டிகிரியில் உருகும். மார்கழியில் பாட்டிலுக்குள் வெள்ளையாக உறைந்து, தலைக்குத் தேய்க்க முடியாமல் ஊசியால் குத்தி எடுக்கிறோமே, அதே குணம்தான். உறைந்த எண்ணெய் முழுவதும் உருகித் தீரும்வரை 24 டிகிரியை விட்டு மேலே ஏறாமல் அடம்பிடிக்கும். வீணைக்கு 24 டிகிரியைவிட இதமான வெப்பநிலை ஏது? மாமியார் வீட்டு ஃபிரிட்ஜிலிருந்து தோசை மாவை வெளியேற்றிவிட்டு ஐந்து கிலோ எண்ணெயை உள்ளே அடுக்கினேன்.

விடிகாலையில் காபிக்குப் பால் எடுக்க வந்த அத்தை ஃபிரிட்ஜ் கதவைப் பிடித்தபடி நின்றார். "ஏம்மா, மார்கழியில தானா உறையற எண்ணெயை மாப்பிள்ளை ஏன் சித்திரையில உறைய வெக்கிறார்?" என்று சமையலறைப் பக்கம் கேட்டார். மனைவியின் பதில் எனக்குக் கேட்காத அளவில் இருந்தது. பாத்திரம் வைத்த சத்தம் மட்டும் கேட்டது.

உண்மையைச் சொன்னால் எண்ணெயின் சக்தி பனிக்கட்டியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஐந்து கிலோ எண்ணெய் உருக 500 கிலோஜூல் போதும். டிக்கிக்குள் ஒரு 100 வாட் குண்டு பல்பு எரிகிற அளவுக்குச் சூடு இறங்கினால், என் கண்டுபிடிப்பின் ஆயுள் ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. ஆகவே சூட்டை உள்ளே விடாமல் தடுப்பதுதான் முதல் வேலை. டிக்கியின் தரையில் தெர்மாகோல், சைலன்சர் பக்கம் இரட்டை தெர்மாகோல், அதன்மேல் ஜமக்காளம், அதன்மேல் வீணைப் பெட்டி, சுற்றிலும் துண்டில் சுற்றிய எண்ணெய் பாட்டில்கள், மேலே கம்பளி, கம்பளிக்கு மேலே மறுபடி தெர்மாகோல். பெட்டி குறுக்கே கிடந்தால்தான் டிக்கி மூடியது. யாளி முகம் ஒரு மூலையில், குடம் எதிர் மூலையில். கழற்றக்கூடிய சுரைக்குடுக்கைக்கு இடமில்லை. அத்தை மடியில் வைத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டார்.

நாலு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பது என் திட்டம். அது வியாழக்கிழமை. ஆறு முதல் ஏழரை எமகண்டம். நாலு மணிக்குக் கிளம்பியிருந்தால் எமகண்டம் குறுக்கே வந்திருக்காது. ஆனால் வழிக்கு இட்லி, மிளகாய்ப்பொடி தடவி, வாழையிலையில் கட்ட வேண்டியிருந்தது. ஐந்தே முக்காலுக்கு எல்லாம் தயார். "பதினஞ்சு நிமிஷத்துல எமகண்டம் வருது, ஊர் எல்லையைத் தாண்ட முடியாது" என்றார் அத்தை. ஏழரைக்குத்தான் வண்டி நகர்ந்தது. அதற்குள் எண்ணெய் பாட்டில்கள் திரும்பவும் ஃபிரிட்ஜுக்குப் போய்விட்டு வந்தன. நான் சுமந்தேன்.

எங்கள் வண்டியில் பின் சீட்டின் நடுவே கைதாங்கியை இறக்கினால் டிக்கிக்குள் ஒரு சின்ன வாசல் திறக்கும். அந்த வாசலை ஒட்டி மகளை உட்கார வைத்து, கையில் பேட்டரி விசிறியைக் கொடுத்து, ஏசிக் காற்றை உள்ளே தள்ளும் உத்தியோகத்தை அவளுக்கு அளித்தேன். ஏசியைக் கடைசி வரை திருப்பினேன். உட்காற்றையே சுற்றவிடாமல் வெளிக்காற்று முறையில் வைத்தேன். அப்போதுதான் உள்ளே வந்த காற்று வெளியேற வழி தேடும். பல கார்களில் அந்த வழி பின் பம்பருக்கு உள்பக்கம், டிக்கியை ஒட்டி இருக்கிறது. போகிற போக்கில் வீணையைக் குளிர்வித்துவிட்டுப் போகட்டுமே.

விளைவு, கும்பகோணம் வருவதற்குள் மனைவி துப்பட்டாவைத் தலையோடு போர்த்திக்கொண்டார். அத்தை சால்வை கேட்டார். சால்வை டிக்கியில், வீணைக்குக் கீழே. மே மாதத்துத் தஞ்சைச் சமவெளியில் அத்தை சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு நடுங்குவதைப் பின்கண்ணாடியில் பார்த்தேன். மகளுக்குக் கை வலித்தது. "அப்பா, வீணைக்குத்தான் உசிர் இல்லையே" என்றாள். கலைவாணியின் வாத்தியத்தைப் பற்றி அப்படிப் பேசக் கூடாது என்று அத்தையே கண்டித்தார், பல் தந்தியடிக்க.

கும்பகோணத்தில் டிகிரி காபிக்கு நிற்கவில்லை. இந்த ஒரு வாக்கியத்துக்கு நான் கொடுத்த விலையை இங்கே எழுதி முடியாது.

டிக்கி நிலவரத்தை அறியக் கம்பியில்லா வெப்பமானி ஒன்று வாங்கியிருந்தேன். உணர்கருவி வீணைப் பெட்டிமேல், எண் காட்டும் பலகை டேஷ்போர்டில். ஓடும் வண்டியில் அது 27, 28 என்று சாதுவாக இருந்தது. சேத்தியாத்தோப்பு தாண்டும்போது 29. நான் கிரிக்கெட் ஸ்கோர் சொல்வதுபோல அதை அவ்வப்போது உரக்க அறிவித்துக்கொண்டு வந்தேன். யாரும் கைதட்டவில்லை.

பண்ருட்டியில் வண்டி நின்றது. நான் நிறுத்தவில்லை, மனைவி "நிறுத்துங்க" என்றார். காபிக்கு நிற்காத வண்டி பலாப்பழத்துக்கு நிற்காமல் போனால் அதற்கப்புறம் வண்டி மட்டும்தான் போகும் என்பது அந்தக் குரலில் இருந்தது. சாலையோரம் பலாப்பழம் குன்று குன்றாகக் குவிந்திருந்தது. உச்சி வெயில். நிழலுக்கு ஒரு புளியமரம் இருந்தது. சூரியன் எந்தப் பக்கம் நகரும் என்று கணக்குப் போட்டு, நிழல் வரப்போகும் இடத்தில் நிறுத்தினேன். பழம் வாங்கி முடிப்பதற்குள் நிழல் வந்தே போய்விடும் என்பதை என் கணக்கு கவனிக்கவில்லை. மனைவியும் அத்தையும் ஒவ்வொரு பழத்தையும் தட்டிப் பார்த்தார்கள், முகர்ந்தார்கள், முள்ளை அழுத்தினார்கள். ஆசாரிகூட அத்தனை நுணுக்கமாகக் காது கொடுக்கவில்லை.

நான் வெப்பமானியைப் பார்க்க ஓடினேன். பலகை முழுக்கக் கருப்பு. டேஷ்போர்டின் சூட்டில் அதன் திரை மயங்கிவிட்டது. வீணை எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டிய கருவிக்கே முதலுதவி தேவைப்பட்டது. டிக்கியைத் திறந்து பார்த்தால் உள்ளே சூடு ஏறும். பார்க்காவிட்டால் எனக்கு ஏறும். தகட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு அதே வேகத்தில் எடுத்தேன். பழக்காரம்மா, "என்னாங்க, டிக்கிக்குள்ள ஆளு இருக்கா?" என்று சந்தேகமாகக் கேட்டார்.

"வீணை" என்றேன்.

"அட, எங்க ஊரு மரந்தான்" என்றார் அவர்.

தஞ்சாவூர் வீணைக்குப் பண்ருட்டிப் பலாமரம் என்பது வழக்கம். அத்தைக்கு உடனே மனம் இளகிவிட்டது. மெழுகைப் பற்றி மட்டும் தகவல் இல்லை. வாங்கிய பழம் ஒரு குழந்தை கனம். அதை எங்கே வைப்பது என்பதில் மோதல் தொடங்கியது.

"டிக்கியைத் திறங்க" என்றார் மனைவி.

"முடியாது. பழுக்கிற பழம் மூச்சு விடும். மூச்சு விட்டால் சூடு வரும். மூடின இடத்துல அது ஆபத்து."

"நீங்களுந்தான் மூச்சு விடறீங்க. உங்களை டிக்கியிலயா வெச்சிருக்கோம்?"

விவாதம் முடிந்தது என்று நினைத்தேன். என் பக்கம்தான் ஜெயித்தது, பழம் காருக்குள்ளேயே, மகளின் காலடியில் ஏறியது. ஆனால் ஜன்னல் மூடிய ஏசி காரில் முற்றிய பலாப்பழத்தோடு மீதித் தூரத்தைக் கடப்பவன் ஜெயித்தவன் ஆகமாட்டான். அந்த வாசனை, நான் வகுத்துக் கொடுத்த காற்றுவழியிலேயே பின் சீட்டின் சின்ன வாசல் வழியாக டிக்கிக்குள் புகுந்து, வீணையை விசாரித்துவிட்டு, வெளியேறிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் வீடு சேர்ந்ததும் டிக்கியைத் திறந்தேன். எண்ணெய் முழுவதும் உருகியிருந்தது. பெட்டிக்குள் வீணை சௌக்கியம். மகளின் டீச்சர் வந்து ஒவ்வொரு மெட்டாக விரல் ஓட்டி, ஸ்ருதி கொஞ்சம் இறங்கியிருப்பதைத் தவிர ஒன்றும் ஆகவில்லை என்றார். தந்தி சூட்டில் நீளும், ஸ்ருதி இறங்கும், முடுக்கினால் சரியாகிவிடும். எப்படிக் கொண்டுவந்தேன் என்று அவர் கேட்கவில்லை. நானே சொன்னேன். 24 டிகிரி, 334 கிலோஜூல், 2005, 2018 எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நாங்க பின் சீட்டுல படுக்க வெச்சு, ஏசி போட்டுக் கொண்டு வந்துடுவோம் சார்" என்றார்.

"நாலு பேரும் உட்கார வேண்டாமா?"

"இவர் பஸ்ல வந்திருக்கலாம்" என்றார் மனைவி. "வண்டி எனக்கு ஓட்டத் தெரியும்."

அத்தை மட்டும் என் ஆராய்ச்சியை மதித்தார் என்று சொல்ல வேண்டும். உருகிய எண்ணெயைப் பேத்தியின் தலைக்கும் அவியலுக்கும் பங்கு பிரித்த கையோடு, "நிறுத்தின கார்ல அவ்வளவு சூடு வருமா மாப்பிள்ளை?" என்று விவரமாகக் கேட்டுக்கொண்டார். ஆர்வத்தில் அரிசோனா வரை விளக்கினேன். அடுத்த வாரம் காலையில் அலுவலகம் கிளம்பும்போது பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள பலகையில் மூன்று தாம்பாளங்கள் இருந்தன. மோர்மிளகாய். எங்கள் அடுக்ககத்தில் மொட்டை மாடியைப் பூட்டி வைத்திருக்கிறார்கள், சாவி கேட்டால் நூறு கேள்வி.

"ஆபீஸ்ல வெயில்லதானே நிறுத்துவீங்க? கண்ணாடியை மட்டும் ரெண்டு விரக்கடை இறக்கி வெச்சிடுங்க."

"அத்தை, கண்ணாடியை இறக்கினாலும் சூடு குறையாது. 2005லயே ஆய்வு பண்ணியிருக்காங்க."

"சூடு குறையக் கூடாதுன்னுதானே வெக்கிறேன். ஈரம் போக வேண்டாமா? மூடி வெச்சா பூஞ்சை பூத்துடும்."

மறுக்க ஒரு எண்ணும் என்னிடம் இல்லை. கூட வரும் அலுவலக நண்பர் முன் சீட்டில் ஏறி, மூக்கை உறிஞ்சி, சீட் பெல்ட்டைப் பாதி இழுத்து நிறுத்தி, இன்று மெட்ரோவில் போகலாம் என்று இருப்பதாகச் சொன்னார்.